கிணற்றடியும் முற்றமும்

தவக்காலத்தில் வாசிக்கப்படும் இரண்டு விவிலியப் பகுதிகள் பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கின்றன. ஒன்றில் பிரச்சினை தண்ணீர். மற்றதில் பேச்சு.

திருநீற்றுப் புதனன்றும் சிவாஜிநகரில் பொழுது வழக்கம்போலத்தான் விடிகிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகள் இறங்குகின்றன. பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவுகிறார்கள். ஆனால் அருகிலுள்ள புனித மரியன்னை பசிலிக்காவிலிருந்து வெளியே வருகிறவர்களின் நெற்றியில் சாம்பல். முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று பவனியில் பிடித்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. பூக்காரம்மா, ஆட்டோ டிரைவர், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் பெண் என்று யார் நெற்றியிலும் அது ஒரே மாதிரிதான் தெரிகிறது. உயிர்ப்புப் பெருவிழா வரையிலான தவக்காலம் அன்று தொடங்குகிறது. 2025இல் ரம்ஜான் நோன்பு மார்ச் 2ஆம் தேதியும் திருநீற்றுப் புதன் மார்ச் 5ஆம் தேதியும் வந்தன. மசூதிகளும் மாதா கோவிலும் நெருங்கி நிற்கும் இந்தப் பகுதியில் இரண்டு நோன்புகள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஆரம்பமாயின.

அந்த நாளின் பெயரே ஒரு சின்ன வரலாறு. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய தலைமுறைக்கு அது ‘விபூதிப் புதன்’. இப்போது ‘திருநீற்றுப் புதன்’. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ‘சாம்பல் புதன்’ என்கிறார்கள். சைவத்தின் நெற்றியிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கியதில் கத்தோலிக்கர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. சீர்திருத்தச் சபையினருக்கு இருந்தது. காலத்தின் பெயரிலும் இதே கதைதான். அவர்களுக்கு ‘லெந்து நாட்கள்’. இவர்களுக்கு முன்பு ‘தபசு காலம்’, இப்போது ‘தவக்காலம்’. லெந்து என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலப்பொருள் வசந்தம், பகல் நீளும் பருவம். மாசி பங்குனி வெயிலில் விரதம் இருக்கும் தமிழருக்கு அந்த வசந்தம் எட்டாது. தவம் எட்டும். தமிழ் வாசித்தவர்களுக்குக் குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே இருப்பது நினைவுக்கு வரும். தன் துன்பத்தைப் பொறுப்பதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பதும்தான் தவத்தின் வடிவம் என்கிறார் வள்ளுவர். திருநீற்றுப் புதனுக்குப் பின் வரும் வெள்ளியன்று கோவில்களில் வாசிக்கப்படும் எசாயாவின் 58ஆம் அதிகாரம் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தலை குனிந்து சாக்கு உடுத்துவதைக் கடவுள் நோன்பாக ஏற்பதில்லை. அடிமைத் தளையை அவிழ்ப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே அவர் கேட்கும் நோன்பு என்று அந்தத் தீர்க்கதரிசி கோபத்தோடு சொல்கிறார்.

புதன்கிழமையன்று வாசிக்கப்படும் நற்செய்தியில் இன்னொரு வேடிக்கை. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், யாருக்கும் தெரிய வேண்டாம். தர்மம் செய்வதை இடது கைகூட அறிய வேண்டாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய் என்று மத்தேயுவில் இயேசு கற்பிக்கிறார். அதைக் கேட்டு முடித்த கையோடு வரிசையில் நின்று எல்லோரும் பார்க்க நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். இந்த முரண்பாடு குருமார்களுக்குத் தெரியாததல்ல. பலர் அன்றைய பிரசங்கத்தையே இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தனி அறை என்பதும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒற்றை அறை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சந்துகளில் சாத்திக்கொள்ளத் தனிக் கதவு ஏது? அங்கே உள்ளறை என்பது விடியற்காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான்.

அந்த அரை மணியில் விவிலியத்தை விரித்து, அன்றைக்குரிய பகுதியைப் படித்து, தன் வாழ்வோடு ஒட்டிப் பார்க்கும் பழக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பரவலாகி அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முன் பூசை லத்தீனில் நடந்தது. மக்களின் தவக்காலம் தமிழில் வேறொரு தடத்தில் ஓடியது: சிலுவைப் பாதை, பாடுகளின் ஒப்பாரிகள், யாழ்ப்பாணம் வரை புகழ்பெற்ற ‘வியாகுலப் பிரசங்கம்’. இலங்கையில் பணியாற்றிய கோவைக்காரரான ஜாக்கோமே கொன்சால்வெஸ் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது அது. (அந்தக் கோவை, கொங்கு நாட்டுக் கோவையல்ல, போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவா.) இவற்றில் பக்தி பொங்கியது. விவிலிய வாசகம் நேரடியாக இருந்தது குறைவு. சிலுவைப் பாதையின் 14 நிலைகளில் இயேசு மூன்று முறை விழுவதும் வெரோணிக்கா முகம் துடைப்பதும் எந்த நற்செய்தியிலும் கிடையாது. விவிலியத்தில் உள்ள காட்சிகளை மட்டும் கொண்ட ஒரு சிலுவைப் பாதையை இரண்டாம் ஜான் பால் ரோமில் பெரிய வெள்ளியன்று நடத்தியது 1991இல்தான்.

மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. வழிபாட்டில் மக்கள் மொழிக்கு 1963 டிசம்பரில் வழி திறந்தது. விவிலியத்தின் வாசல் விசுவாசிகளுக்கு அகலத் திறந்திருக்க வேண்டும் என்ற ஏடு 1965 நவம்பரில் வெளியானது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியாக 1969இல் வகுக்கப்பட்டன. இந்தியாவில் இந்தக் காரியத்தைச் செயலாக்கும் தலைமையகமாக அமைந்தது பெங்களூர். ஹட்சின்ஸ் ரோட்டில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் 1967இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஒரு தமிழர், புதுச்சேரி மறைமாவட்டத்தின் கல்லேரி கிராமத்தில் பிறந்த டி.எஸ். அமலோர்பவதாஸ். பாரிசில் படித்துத் திரும்பிய அவர், வழிபாட்டில் குத்துவிளக்கும் ஆரத்தியும் தரையில் சம்மணமிடுதலும் இருந்தால் என்ன என்று கேட்டார். மையத்தின் வழிபாட்டுக் கூடம் கோவில் சாயலில் எழுந்தது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். பிறகு அவர் மைசூரில் அஞ்சலி ஆசிரமம் அமைத்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுத் துறையில் பணியாற்றினார். 1990 மே மாதம் சாலை விபத்தில் இறந்தார். சாதாரண மக்களின் கையில் விவிலியம் போய்ச் சேர வேண்டும் என்று அவர் காட்டிய அவசரத்துக்கு, பங்குகளில் அன்பியக் கூட்டங்களாக இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் வாசகப் பகிர்வு கடன்பட்டிருக்கிறது.

கையில் போய்ச் சேர்ந்த விவிலியம் எந்தத் தமிழில்? அங்கேதான் மொழிபெயர்ப்பாளர்களின் தலைவலி ஆரம்பம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து பவர் தலைமையிலான குழு 1871இல் தந்த வேதாகமம் வரை சீர்திருத்தச் சபைகளுக்கு ஒரு மரபு. கத்தோலிக்கர்களுக்கு வேறு. அங்கே பேதுரு ‘இராயப்பர்’, பவுல் ‘சின்னப்பர்’, யோவான் ‘அருளப்பர்’. இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வந்தது. சுவிசேஷம் நற்செய்தியாயிற்று. விசுவாசம் நம்பிக்கையாயிற்று. பரிசுத்த ஆவி தூய ஆவியானார். கத்தோலிக்கக் கோவில்களில் அதுவே பலிபீடம் ஏறியது. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை பழைய வேதாகமத்தை விடவில்லை. மனப்பாடமாகிவிட்ட வசனத்தை எந்தப் பண்டிதரால் திருத்த முடியும்? இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் புத்தகத்தைவிட்டு வெளியேறிய பின்னும் பெங்களூர்க் குடும்பங்களின் பெயர்களில் குடியிருக்கிறார்கள்.

தவக்காலத்தின் மையச் சொல்லே இதற்கு நல்ல உதாரணம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லைப் பழைய வேதாகமம் ‘மனந்திரும்புதல்’ என்றது. புதியது ‘மனம் மாறுதல்’ என்கிறது. முன்னதில் வீட்டைவிட்டுப் போன பிள்ளை திரும்பி வரும் சித்திரம் இருக்கிறது. பின்னது தெளிவானது, ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களும் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தவர்களும்கூட ‘மனம் மாறிவிட்டார்கள்’ என்றுதான் தமிழில் சொல்லப்படுகிறது. இந்த விஷயத்தில் பழைய சொல்லுக்கே வலு அதிகம்.

பெங்களூரில் இந்த விவாதத்துக்கு ஓர் அடி கீழே இன்னொரு கவலை இருக்கிறது. கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் தமிழில் ஜெபிக்கிறார்கள், பாடுகிறார்கள், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. பாட்டியின் விவிலியம் அவர்களுக்குக் காதால் மட்டுமே கேட்கக்கூடிய புத்தகம்.

சுழற்சியின் முதல் ஆண்டில், 2023லும் 2026லும் வந்தது போல, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. உச்சி வேளை. சமாரியாவில் யாக்கோபின் கிணறு. களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும் இயேசு, தண்ணீர் எடுக்க வந்த பெண்ணிடம் குடிக்கக் கேட்கிறார். அவள் திகைக்கிறாள். நீ யூதன், நான் சமாரியப் பெண், என்னிடமா கேட்கிறாய் என்கிறாள். ஒருவர் புழங்கும் பாத்திரத்தை மற்றவர் தொடாத இரண்டு இனங்கள். பேச்சு நீள நீள, அவள் தன் மனதில் கிடந்த பெரிய கேள்வியை எடுத்து வைக்கிறாள். எங்கள் முன்னோர் இந்த மலையில் வழிபட்டார்கள், நீங்களோ எருசலேமில்தான் வழிபட வேண்டும் என்கிறீர்கள், எது சரி? இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை, உள்ளத்தாலும் உண்மையாலும் வழிபடும் நேரம் வருகிறது என்ற கருத்தில் பதில் வருகிறது.

வேறு ஊரில் இது அழகான உபதேசம். பெங்களூரில் இது பழைய காயத்தின் மேல் வைத்த விரல். மரியன்னை கோவிலின் கதையே தமிழில்தான் தொடங்குகிறது. செஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஊர் அது என்பது கோவில் மரபு. 1809இல் ராணுவ கன்டோன்மென்ட் அமைந்தபோது சிப்பாய்களும் சமையல்காரர்களும் கொத்தனார்களும் வியாபாரிகளுமாகத் தமிழர்கள் திரண்டு வந்தார்கள். 1818இல் அபே துபுவா ஒரு சிற்றாலயம் எழுப்பினார். ‘காணிக்கை மாதா’ என்று அதற்குப் பெயர். இன்று நிற்கும் கோபுரமுள்ள கோவில் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. கன்டோன்மென்ட்டும் பழைய நகரமும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. லத்தீன் போய் மக்கள் மொழி வந்தபோது இயல்பாகவே ஒரு கேள்வி எழுந்தது: எந்த மக்கள்?

எங்கள் மாநிலத் தலைநகரின் கோவிலில் எங்கள் மொழிக்கு மூலையில்தான் இடமா என்று கன்னடக் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நாங்கள் கட்டிய கோவிலில் எங்கள் ஜெபத்தை நிறுத்துவதா என்று தமிழர்கள் கேட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. 1982இல் கோகாக் கிளர்ச்சி மாநிலம் முழுவதும் மொழியுணர்வைக் கிளப்பிய சூழலில், கோவிலுக்குள் இருந்த சச்சரவும் சூடேறியது. எந்தப் பங்கில் எந்த மொழியில் எத்தனை பூசை என்பது பல ஆண்டுகள் அடுத்தடுத்து வந்த பேராயர்களைத் தூங்கவிடாத கணக்காக இருந்தது. இந்த மலையா, எருசலேமா என்ற சமாரியப் பெண்ணின் கேள்வி இதே கணக்குதான். வேடிக்கை என்னவென்றால், தவக்காலத்துக்குக் கன்னடக் கத்தோலிக்கர் சொல்லும் பெயரும் பழைய தமிழ்ப் பெயரும் ‘தபஸ்’ என்ற ஒரே வேரிலிருந்து வருபவை. விரதத்தில் சண்டையில்லை, மைக்கில்தான்.

கிணறு இன்னொரு கதையையும் கிளறும். யார் எந்தக் கிணற்றில் நீர் இறைக்கலாம் என்பது தமிழ்க் கிராமங்களில் சாதி கேட்கும் கேள்வி. கிறிஸ்தவத்துக்கு வந்த பின்னும் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் பல ஊர்களில் ஒழியவில்லை. இரண்டு டம்ளர் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சமாரியப் பெண்ணின் திகைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிப் பேராசிரியர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியல் என்ற துறையின் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். பெங்களூரின் தமிழ்க் கிறிஸ்தவர்களில் தலித் மூதாதையர்களைக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். கிராமத்துக் கிணற்றை விட்டு நகரத்துக் குழாய்க்கு வந்தவர்கள் அவர்கள்.

அந்தக் குழாயில் வருவது காவிரி. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 11ஆம் தேதி அது மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த இரண்டு நாட்களில் பெங்களூரின் தமிழ்க் குடியிருப்புகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து மறுபடியும் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. இரண்டு முறையும் அபயம் கொடுத்த கன்னட அண்டை வீட்டார்களைப் பற்றிய கதைகளும் நிறைய உண்டு. தண்ணீர் கொடு என்று அயலான் கேட்கும் அந்த வாசகத்தை இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சிந்திக்கிறவர்களுக்கு இதெல்லாம் நினைவில் வராமலிருக்க நியாயமில்லை. வாசகத்தில் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற தீர்ப்பு கிடையாது. யாக்கோபு கொடுத்த கிணறு என்று சமாரியர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்; யாக்கோபு யூதர்களுக்கும் மூதாதை. அந்தப் பெண் இறுதியில் குடத்தைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். ஊர்க்காரர்கள் வந்து அயலானைத் தங்கச் சொல்கிறார்கள். இரண்டு நாள் தங்குகிறார்.

நான்காம் ஞாயிறு பிறவிக் குருடனும், ஐந்தாம் ஞாயிறு லாசரும் வந்து போகிறார்கள். அவர்களைப் பற்றி எல்லா ஊரிலும் எல்லோரும் பேசுகிறார்கள்.

குருத்து ஞாயிறு வருகிறது. அதே முதல் ஆண்டில் அன்று வாசிக்கப்படுவது மத்தேயு எழுதிய பாடுகளின் வரலாறு. உள்ளே விசாரணை நடக்கிறது. வெளியே தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பேதுரு உட்கார்ந்திருக்கிறார். பணிப்பெண்கள் இருவர் அடுத்தடுத்து அவரை அடையாளம் காட்ட, இரண்டு முறையும் மறுத்துவிடுகிறார். மூன்றாவது முறை அவரைக் காட்டிக் கொடுப்பது ஆள் அல்ல, அவருடைய பேச்சு. நீ அவர்களில் ஒருவன்தான், உன் பேச்சே சொல்கிறதே என்று சுற்றி நிற்பவர்கள் சொல்கிறார்கள். பேதுரு பேசியதும் எருசலேம்காரர்கள் பேசியதும் அதே அரமேயம். ஆனால் கலிலேயாவின் உச்சரிப்பு வேறு. தொண்டையிலிருந்து எழ வேண்டிய ஒலிகள் அவர்கள் வாயில் மழுங்கிவிடும். யூதர்களின் தல்மூதில் இதைக் கிண்டல் செய்யும் கதையே உண்டு: ஒரு கலிலேயன் கடைத்தெருவில் பொருள் கேட்டபோது, கேட்பது ஏறிப்போகக் கழுதையா, குடிக்க மதுவா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று கேலி செய்தார்களாம். அவன் வாயில் நான்கும் ஒன்றுபோல் ஒலித்தன.

பெங்களூர்த் தமிழருக்கு இந்தக் காட்சிக்கு வியாக்கியானம் தேவையில்லை. தமிழின் பால் கன்னடத்தில் ‘ஹாலு’, பள்ளி ‘ஹள்ளி’. தமிழ் வாயில் அந்த ஹகரம் எளிதில் நழுவும். பல தலைமுறையாக இங்கே வாழ்ந்து, கன்னடம் சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் எங்கோ ஓர் எழுத்து காலை வாரும். இதே ஆள் சென்னைக்குப் போனால் அவருடைய தமிழைக் கேட்டு ‘பெங்களூரா?’ என்கிறார்கள். சாதாரண நாளில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். 1991 டிசம்பர் போன்ற ஒரு நாளில் ஒற்றை எழுத்து உயிர் விஷயமாகிவிடும். பேதுருவின் மறுதலிப்பைக் கோழைத்தனம் என்று பிரசங்கிகள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கும்பலுக்கு நடுவில் தன் தாய்மொழியை விழுங்கிக்கொண்டு நின்றவர்களுக்கு அப்படிச் சொல்ல நா எழாது. அதே சமயம், சேவல் கூவியதும் வெளியே போய் அழுகிற அந்த மனிதனும் அவர்களுக்கு அந்நியன் அல்ல.

குருத்து ஞாயிறன்று பாடுகளின் வரலாற்றை ஒருவரே வாசிப்பதில்லை. கதை சொல்பவர் ஒருவர், இயேசுவின் சொற்களைக் குருவானவர், மற்றவர்களின் சொற்களை இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். கூட்டம் பேசும் இடங்களைப் பல கோவில்களில் சபையே சேர்ந்து சொல்கிறது. பேச்சைக் கொண்டு பேதுருவை அடையாளம் காட்டும் அந்த வரியும் கூட்டத்தின் பங்குதான். தமிழ்த் திருப்பலியில் அதைத் தமிழர்கள் சொல்கிறார்கள்; கன்னடத் திருப்பலியில் கன்னடர்கள். நேரம் கருதிச் சுருக்கமான வாசகத்தைத் தேர்ந்தெடுக்கவும் அனுமதி உண்டு. அது பிலாத்துவின் விசாரணையில் நேராகத் தொடங்குவதால், அதை வாசிக்கும் கோவில்களில் முற்றத்துக் காட்சி விடுபட்டுப் போகிறது.